வாடகைக்கு விட வாங்கும் வீடு: பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 44. கோயம்புத்தூரில் தனியார் நிறுவனமொன்றில் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாய் சம்பளத்தில் பணிபுரிகிறேன். குடியிருக்கச் சொந்த வீடு இருக்கிறது. அதன் மீது கடன் இல்லை. வாடகைக்கு விடுவதற்காக 60 லட்சம் ரூபாயில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு வாங்கத் தீர்மானித்திருக்கிறேன். 40 லட்சம் வங்கிக் கடன், 8 லட்சம் என் சேமிப்பு. மீதி 12 லட்சம், என் மனைவி தன் தந்தையின் நிலத்தில் கிடைத்த பங்கை விற்றதில் அவர் கணக்கில் இருக்கும் பணம். மாதம் 18,000 ரூபாய் வாடகை வரும் என்கிறார்கள். மனைவிக்கு வேறு வருமானம் இல்லாததால், வீட்டை அவர் பெயரில் வாங்கினால் வாடகைக்கு வரியே வராது, பதிவுக் கட்டணமும் குறையும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். அது சரியா? பழைய வரி முறைக்கு மாறினால் வீட்டுக் கடன் வட்டியால் வரி மிச்சமாகுமா? எங்களுக்கு இரண்டு மகள்கள், இருவரும் பள்ளியில் படிக்கிறார்கள். என் தாயார் எங்களுடன் இருக்கிறார்.

பதில்: உங்கள் நண்பர்கள் சொல்வதைத்தான் பலரும் நம்பிப் பத்திரம் பதிகிறார்கள் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன். வாடகைக்கு யார் வரி கட்ட வேண்டும் என்பதைப் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பது மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த வீடு யாருடைய பணத்தில் வாங்கப்பட்டது என்பதையும் வருமான வரிச் சட்டம் பார்க்கிறது. கணவர் உரிய மறுபயன், அதாவது ஈடான விலை, பெறாமல் மனைவிக்குக் கொடுக்கும் சொத்திலிருந்தோ, அவர் கொடுத்த பணத்தில் மனைவி வாங்கும் சொத்திலிருந்தோ வரும் வருமானம் கணவரின் வருமானத்தோடு சேர்த்தே கணக்கிடப்படும். அந்த வீட்டைப் பின்னாளில் விற்றால் கிடைக்கும் மூலதன ஆதாயத்துக்கும் இதே விதிதான். 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருவதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் இந்த அடிப்படை மாறவில்லை. எனவே இந்தப் பதிலில் பிரிவு எண்களைத் தவிர்த்து விதிகளை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் 60 லட்சத்தில் 48 லட்சம் உங்களுடையது, ஏனெனில் கடனின் மாதத் தவணையைக் கட்டப்போவது உங்கள் சம்பளம். முழு வீட்டையும் மனைவி பெயரில் வாங்கினால், வாடகையில் ஐந்தில் நான்கு பங்கு எப்படியும் உங்கள் வரிக் கணக்குக்குத் திரும்பி வரும். அதைவிடப் பெரிய சிக்கல் வட்டியில் இருக்கிறது. வீட்டுக் கடன் வட்டிக்கான கழிவை, வீட்டின் உரிமையாளராகவும் கடனைப் பெற்றவராகவும் இருப்பவர் கேட்டால்தான் கேள்வி எழாது. உரிமையாளர் மனைவி, வட்டி கட்டுபவர் கணவர் என்று பிரிந்து நிற்கும்போது, வாடகை உங்கள் கணக்கில் சேர்ந்துவிடும், அதற்கு எதிரான வட்டிக் கழிவோ வழக்காடிப் பெற வேண்டியதாகிவிடக்கூடும். வரியை மிச்சம் பிடிப்பதற்காகச் செய்யும் ஏற்பாடு வரியைக் கூட்டுவதில் முடிந்த கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தவறியிருந்தன.

பதிவுக் கட்டணச் சலுகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் 2025 ஏப்ரல் 1 முதல் பெண்கள் பெயரில் பதியப்படும் சொத்துகளுக்குக் கட்டணம் ஒரு சதவீதம் குறைக்கப்பட்டிருப்பது உண்மை, ஆனால் அது 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்துகளுக்கு மட்டுமே. உங்கள் வீட்டுக்கு அது பொருந்தாது.

ஆகவே என் பரிந்துரை, வீட்டை இருவர் பெயரிலும் வாங்குங்கள். பங்கு 80க்கு 20 என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பங்கு திட்டவட்டமாகத் தெரியும்போது கூட்டு உரிமையாளர்கள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பங்கு வாடகை தனித்தனியாகவே வரிக்கு உட்படும். மனைவியின் 12 லட்சம் அவருடைய சொந்தப் பணம் என்பதால் அதற்கான 20 சதவீத வாடகை, அதாவது ஆண்டுக்கு 43,200 ரூபாய், முழுவதும் அவருடையது. உங்கள் கணக்கில் சேராது. தொகை சிறியதுதான், ஆனால் வீட்டை விற்கும் நாளில் ஆதாயத்தில் ஐந்தில் ஒரு பங்கும் அவருடையதாக இருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பத்திர எழுத்தர் தரும் நகலை நிதானமாகப் படியுங்கள். வாங்குபவர்கள் இருவர் என்றால் வழக்கமான வாசகத்தில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும்; யாருக்கு எவ்வளவு பங்கு என்ற பேச்சே இருக்காது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, கூட்டாக வாங்கியவர்களின் பங்கு அவரவர் கொடுத்த பணத்தின் விகிதத்தில் அமையும். எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால் சமபங்கு என்றே கொள்ளப்படும். பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தச் சான்றைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, "கிரயத் தொகையில் 48 லட்சம் முதலாமவராலும் 12 லட்சம் இரண்டாமவராலும் செலுத்தப்பட்டு, சொத்தில் முறையே 80 மற்றும் 20 சதவீதப் பிரிபடாத பங்கு அவர்களுக்கு உரியது" என்று இன்றே ஒரு வாக்கியம் சேர்ப்பது எளிது. அந்த வாக்கியத்துக்கு ஏற்பப் பணமும் நடக்க வேண்டும். மனைவியின் 12 லட்சம் அவருடைய வங்கிக் கணக்கிலிருந்து விற்பவரின் கணக்குக்கு நேரடியாகச் செல்ல வேண்டும்; வசதிக்காக உங்கள் கணக்குக்கு மாற்றி அங்கிருந்து மொத்தமாக அனுப்பினால், அது அவருடைய பணம் என்று காட்டும் சங்கிலி அறுந்துவிடும். அவர் தந்தையின் நிலப் பங்கை விற்ற பத்திரத்தின் நகலையும் இந்தக் கோப்பிலேயே வைத்திருங்கள்.

விலை 50 லட்சத்தைத் தாண்டுவதால் ஒரு சதவீத டிடிஎஸ், அதாவது விற்பவருக்குத் தரும் பணத்திலிருந்தே பிடித்து அரசுக்குச் செலுத்தும் வரி, கட்டும் பொறுப்பு வாங்குபவருக்கு உண்டு. மனைவியின் பங்கு 12 லட்சம்தானே என்று அவருக்கு விட்டுவிட முடியாது; 2024 அக்டோபர் 1 முதல் எல்லா வாங்குபவர்களின் தொகையையும் கூட்டியே வரம்பு பார்க்கப்படுகிறது. இருவரும் தத்தம் பான் எண்ணில் தனித்தனியாகச் செலுத்த வேண்டும். விற்பவர் விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்டால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாகப் பெறுபவருக்கு அதே அளவு தொகை அபராதமாகலாம் என்பது அவர் பாடு. உங்களுக்கோ, பத்திரத்தில் ஏறாத பணம் நாளை விற்கும்போது வாங்கிய விலையாகக் கணக்கில் வராது.

இனி வரி முறையைப் பார்ப்போம். கழிவுகள் அதிகமுள்ள பழைய முறை, விகிதங்கள் குறைந்த புதிய முறை என்ற இரண்டில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். கடனுக்கு 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டுக் காலம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை ஏறக்குறைய 34,700 ரூபாய். முதல் ஆண்டில் வட்டி மட்டும் சுமார் 3.37 லட்சம். ஆண்டு வாடகை 2,16,000 ரூபாயில் உங்கள் பங்கு 1,72,800. சொத்து வரியில் உங்கள் பங்காக 4,800 ரூபாயைக் கழித்தால் 1,68,000. பராமரிப்புக்கு ரசீது எதுவும் கேட்காமல் சட்டமே தரும் 30 சதவீதக் கழிவு 50,400 போக மிஞ்சுவது 1,17,600. வாடகைக்கு விட்ட வீட்டின் வட்டிக்கு உச்சவரம்பு இல்லாததால் 3.37 லட்சத்தையும் கழிக்கலாம். வீட்டுக் கணக்கில் சுமார் 2.19 லட்சம் நஷ்டம் காட்டும். பழைய முறையில் இதில் 2 லட்சம் வரை சம்பளத்துக்கு எதிராக ஈடுசெய்யலாம். மீதியை அடுத்த எட்டு ஆண்டுகளில் வீட்டு வருமானத்துக்கு எதிராகக் கொண்டுசெல்லலாம். புதிய முறையில் வட்டியைக் கழித்து வாடகைக்கு வரி இல்லாமல் செய்துகொள்ளலாம், ஆனால் நஷ்டத்தைச் சம்பளத்தின் பக்கம் கொண்டுபோக முடியாது.

இந்த வேறுபாட்டைக் கேட்டவுடன் பழைய முறைக்குத் தாவத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கும் கடனின் அசலுக்கும் சேர்த்து 1.5 லட்சம், வீட்டு நஷ்டம் 2 லட்சம் ஆகியவற்றை எல்லாம் கழித்தாலும் உங்கள் வரிக்குரிய வருமானம் 16 லட்சம். வரி, செஸ் எனும் கூடுதல் தீர்வையோடு 3,04,200 ரூபாய். புதிய முறையில் நிலையான கழிவு 75,000 மட்டும் போக 19.25 லட்சத்துக்கு, 2025-26 நிதியாண்டின் விகிதங்களில், வரி 1,92,400 ரூபாய். வீட்டுக் கடனை முழுதாகப் பயன்படுத்திக்கொண்ட பிறகும் பழைய முறையில் நீங்கள் 1,11,800 ரூபாய் கூடுதலாகக் கட்டுவீர்கள். மருத்துவக் காப்பீடு போன்ற கழிவுகள் இருந்தாலும் இந்த இடைவெளி அடைபடுவது கடினம். "வரி மிச்சமாகும், அதனால் கடன் வாங்கி வீடு வாங்கு" என்று ஒரு தலைமுறை கேட்டு வளர்ந்த அறிவுரை, உங்களைப் போன்ற சம்பளக்காரருக்கு இன்று பொருந்தவில்லை. வரியை ஒதுக்கிவிட்டு, 34,700 ரூபாய் தவணைக்கு 18,000 ரூபாய் வாடகை என்ற நிலையில், வீடு காலியாக இருக்கும் மாதங்களிலும் அந்தப் பள்ளத்தை உங்கள் குடும்பம் தாங்குமா என்று பார்த்துத்தான் இந்த முதலீட்டை நீங்கள் முடிவுசெய்ய வேண்டும்.

விற்கும்போது வரும் வரி எளிமையாகியிருக்கிறது. 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் ஆதாயத்துக்கு 12.5 சதவீதம்; வாங்கிய விலையைப் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடும் சரிக்கட்டல் இல்லை. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடுகளுக்கு, சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்ற பழைய கணக்கில் வரி குறைந்தால் அதையே கட்டும் சலுகை உள்நாட்டில் வசிப்பவர்களுக்கு உண்டு. இப்போது வாங்கும் வீட்டுக்கு அது இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிய விலையோடு சேரும் என்பதால் ரசீதுகளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வாடகையிலிருந்து ஆண்டுதோறும் கழித்துவந்த வட்டியை விற்கும்போது மீண்டும் விலையில் சேர்க்க முடியாது. ஆதாயத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் வேறொரு வீடு வாங்குவதிலோ மூன்று ஆண்டுகளுக்குள் கட்டுவதிலோ முதலீடு செய்தால் வரிவிலக்கு உண்டு. அந்தப் புதிய வீட்டையும் விற்றவர் பெயரிலேயே வாங்குங்கள். மனைவி பெயரில் வாங்கியதற்கும் சில உயர் நீதிமன்றங்கள் விலக்கு அளித்திருந்தாலும், நீதிமன்றம் வரை போக வேண்டிய நிலையை நாமே ஏற்படுத்திக்கொள்ளத் தேவையில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. மனைவி பெயரில் வாங்க நினைத்ததற்கு வரி ஒரு காரணம். அவருக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்ற எண்ணமும் உங்களுக்கு இருந்திருக்கும். அந்த எண்ணம் சரியானது, அதற்கான கருவி உயில். இந்து வாரிசுரிமைச் சட்டம் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன்: நீங்கள் உயில் எழுதாமல் இறந்தால் உங்கள் 80 சதவீதம் மனைவி, இரண்டு மகள்கள், உங்கள் தாயார் ஆகிய நால்வருக்கும் சமமாகப் பிரியும். மனைவியின் கையில் அவருடைய 20ம் வந்து சேர்ந்த 20ம் ஆக 40 சதவீதம்தான் இருக்கும். மகள்கள் மைனர்களாக இருக்கும்வரை அவர்களுடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். தாயாரின் பங்கு அவருக்குப் பின் உங்கள் உடன்பிறந்தவர்களுக்கும் போகலாம். கணவர் இறந்து, கடன் பாக்கியோடு நிற்கும் வீட்டை விற்றுக் கடனை அடைக்க நினைத்த ஒரு பெண்மணி, மைனர் மகனின் பங்குக்காக நீதிமன்றத்துக்கு அலைந்துகொண்டே மாதத் தவணையையும் கட்டிவந்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்ட ஒரு உயில் இருந்திருந்தால் அந்த அலைச்சல் நேர்ந்திருக்காது. உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை என்றாலும் செய்துவிடுவது நல்லது. குடியிருப்போர் சங்கத்தில் கொடுக்கும் நியமனதாரர் (நாமினி) பெயர் உயிலுக்கு ஈடாகாது.

மனைவி கூட்டு உரிமையாளர் என்பதால் வங்கி அவரையும் இணைக் கடனாளியாகக் கையெழுத்திடச் சொல்லும். அப்படிக் கையெழுத்திட்டபின் 20 சதவீதப் பங்குதாரராக இருந்தாலும் கடன் முழுவதற்கும் அவர் பொறுப்பாளி. எனவே கடன் தொகைக்குக் குறையாத ஆயுள் காப்பீட்டை, முதலீடு கலக்காத எளிய டேர்ம் பாலிசியாக, பத்திரப் பதிவுக்கு முன்பே உங்கள் பெயரில் எடுத்துவிடுங்கள். உங்கள் உயிலை எழுதும் நாளிலேயே அவருடைய 20 சதவீதத்துக்கு அவரும் ஒன்று எழுதட்டும். அது யாருக்குப் போக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும்.