பல் ஆடுவதற்குப் பூஞ்சை காரணமாகுமா?

கேள்வி: என் தாயாருக்கு வயது 61, நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. மேல் ஈற்றின் வலப்பக்கம் வீங்கிச் சீழ் வடிந்து, 3 வாரங்களுக்குள் 4 பற்கள் ஆடத் தொடங்கிவிட்டன. ஈறு நோய் என்று பல்லைச் சுத்தம் செய்து, ஆன்டிபயாடிக் கொடுத்தும் குறையவில்லை. இப்போது பூஞ்சையாக இருக்கலாம், சதையெடுத்துச் சோதிக்க வேண்டும் என்கிறார் மருத்துவர். கோவிட் வராதவருக்கும் கருப்புப் பூஞ்சை வருமா?
– வாசகி, ஈரோடு

பதில்: வரும். உங்கள் மருத்துவரின் சந்தேகம் நியாயமானது. சோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

சாதாரண ஈறு நோய் எலும்பை அரிக்கப் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் ஆகும். மேல்தாடையின் ஒரு பக்கத்துப் பற்கள் மட்டும் சில வாரங்களில் சேர்ந்தாற்போல் ஆடினால், ஈற்றை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. மியூகார்மைகோசிஸ் எனும் கருப்புப் பூஞ்சை நோய்க்குக் காரணமான பூஞ்சையின் வித்துகள் காற்றிலும் மண்ணிலும் எங்கும் உள்ளவை. சர்க்கரை கட்டுக்கடங்காதவரிடமும் ஸ்டீராய்டு எடுப்பவரிடமும் அவை மூக்கையொட்டிய காற்றறையான சைனஸில் முளைத்து, இரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுவதால், இரத்தம் கிடைக்காத எலும்பு செத்துப்போகிறது. சைனஸின் தரைக்கு நேர் கீழேதான் மேல்கடைவாய்ப் பற்களின் வேர்கள் இருக்கின்றன. 2021இல் கோவிட் சிகிச்சைக்குத் தந்த ஸ்டீராய்டும் ஏறிய சர்க்கரையும் ஒருசேர வந்ததால் நோயாளிகள் பெருகினார்களே தவிர, நோய் புதிதல்ல. ஈறு கறுக்கட்டும் என்று காத்திருப்பதும் தவறு. கறுப்பு என்பது திசு இறந்துவிட்டதன் அடையாளம்.

பல்செட்டின் அடியில் அண்ணம் சிவந்து எரியச் செய்யும் கேண்டிடா வேறு பூஞ்சை. அது பொதுவாகப் பல்லை ஆட்டுவதில்லை.

சீழை மட்டும் துடைத்தெடுத்து அனுப்புவது போதாது, சதையே வேண்டும். எடுத்ததை எல்லாம் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் பூஞ்சையை வளர்த்துப் பார்க்க இயலாது என்பதால், ஒரு துண்டைச் சலைனில் (உப்புநீரில்) தனியே அனுப்புகிறார்களா என்று கேளுங்கள். அந்தத் துண்டை நுண்ணோக்கியில் பார்த்தால், செங்கோணத்தில் கிளைக்கும் அகன்ற இழைகள் பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும். நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் காட்டும்.

உறுதியானால், செத்த எலும்பை அகற்றும் அறுவை சிகிச்சையும் ஆம்போடெரிசின் பி எனும் பூஞ்சைக்கொல்லி ஊசியும் தேவைப்படும். அந்த மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் இரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், பொட்டாசியம் அளவுகளை அடிக்கடி பார்ப்பார்கள். சர்க்கரை இறங்காமல் எந்த மருந்தும் முழுப்பலன் தராது.

ஆடும் பல்லைப் பிடுங்கினால் சரியாகிவிடும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பு வெளியே தெரிந்த பிறகு நோய் பிடிபடுவதும் உண்டு. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. நீங்கள் பயமின்றி உடனிருக்கலாம். கன்னம் மரத்தாலோ, கண் வீங்கினாலோ, பார்வை இரட்டையாகத் தெரிந்தாலோ, முடிவுக்குக் காத்திராமல் அன்றே காது மூக்கு தொண்டைப் பிரிவுள்ள பெரிய மருத்துவமனையில் சேர்த்துவிடுங்கள்.