அப்பாவை விட நாம் நன்றாக இருக்கிறோமா? கேள்வி பதில்

சென்னைக் கல்லூரி ஒன்றில் முப்பது வருடம் பொருளாதாரம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். பிள்ளைகள் பெற்றோரை விட வசதியாக வாழ்வார்கள் என்று இனியும் எதிர்பார்க்கலாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

சார், அப்பா ஒரே சம்பளத்தில் மனை வாங்கினார். நாங்கள் இரண்டு பேர் ஐடியில் சம்பாதித்தும் முடியவில்லை. எங்கே தப்பு? (மேடவாக்கம்)

தப்பு உங்களிடம் இல்லை தம்பி. 1988ல் கோவிலம்பாக்கத்தில் அரை கிரவுண்டு 30,000 ரூபாய்க்கு வாங்கினேன். என் ஒரு வருடச் சம்பளத்துக்குள் அடங்கிய தொகை. பாதி சீட்டுப் பணம், மீதி மனைவியின் வளையல். இன்று அதே மனைக்கு அரைக் கோடிக்கு மேல் கேட்கிறார்கள். வருடம் நாலு லட்சத்தில் வேலைக்குச் சேரும் பையனுக்கு அது பன்னிரண்டு வருடச் சம்பளத்தைத் தாண்டும்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. அன்று அங்கே ராத்திரி எட்டரைக்கு மேல் பஸ் கிடையாது. மழை பெய்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்போம். நியாயமாக ஒப்பிட வேண்டும் என்றால் இன்றைய சிங்கப்பெருமாள்கோவிலுக்கு அப்பால் போய் விலை கேட்க வேண்டும். கேட்டேன். அங்கேயும் ஒரு வருடச் சம்பளத்தில் எதுவும் நடக்காது.

அப்பாவுக்கு பென்ஷன் வருகிறது. எனக்கு? (அம்பத்தூர், தனியார் கம்பெனி)

அரசு வேலையில் இருந்தாலும் அந்தப் பழைய பென்ஷன் உங்களுக்குக் கிடைத்திருக்காது. தமிழ்நாட்டில் 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்கு அதை நிறுத்தி, ஊழியரும் சம்பளத்திலிருந்து பணம் போடும் பங்களிப்புத் திட்டத்தில் சேர்த்தார்கள். உங்களுக்கு இருப்பது பி.எஃப். பென்ஷன். பெரும்பாலானோருக்கு 15,000 ரூபாய் மாதச் சம்பள உச்சவரம்பை வைத்துத்தான் கணக்கு: 15,000 × 35 வருட சர்வீஸ் ÷ 70. வருவது மாதம் 7,500. முப்பத்தைந்து வருடம் யார் சர்வீஸ் போடுகிறார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிள்ளைகள் பெற்றோரை மிஞ்சுவது அமெரிக்காவிலேயே முடிந்துபோன கதை என்கிறார்களே? (அடையாறு)

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டி குழுவின் ஆய்வு அது. அங்கே 1940ல் பிறந்தவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் பெற்றோரை விட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் பாதிப் பேர்தான். வளர்ச்சி குறைந்தது ஒரு காரணம். வந்த வளர்ச்சியும் மேல்தட்டிலேயே தங்கிவிட்டது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

நம் கதை வேறு. என் பாட்டி பெற்றது ஏழு, தங்கியது நாலு. 2020 கணக்குப்படி தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது 13. தாத்தாவுக்குக் கையெழுத்து வராது, அப்பா எஸ்.எஸ்.எல்.சி., நான் எம்.ஏ. அயனாவரத்தில் எட்டுக் குடித்தனத்துக்கு ஒரே அடிபம்பு இருந்த வீட்டிலிருந்து வந்தவன். என் மகன் எதைப் படித்து இப்படி ஒரு தாவல் தாவுவான்? அவனுக்கு ஏசி, கார், விமான டிக்கெட் எல்லாம் சுலபம். வீடும் நிலையான வேலையும்தான் கஷ்டம். 'முன்னேற்றம் நின்றுவிட்டது' என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் அவனைப் போன்ற, ஏற்கெனவே ஏறிவிட்ட வீட்டுப் பிள்ளைகள்.

அப்படியானால் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பிவிடலாமா? (நங்கநல்லூர்)

வீட்டை அடமானம் வைத்து என்றால் வேண்டாம்.

ஐயா, நான் வீட்டு வேலை செய்கிறேன். பொண்ணு அரசுப் பள்ளியில் பிளஸ் டூ. இஞ்சினியரிங் சேர்க்க முடியுமா? (சைதாப்பேட்டை, பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுத்தது)

முடியும் அம்மா. உங்கள் வீட்டில்தான் அந்தத் தாவல் இன்னும் பாக்கி இருக்கிறது. குடும்பத்தில் யாரும் டிகிரி முடித்ததில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குங்கள். கவுன்சிலிங்கில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்கிலேயே வரும். சான்றிதழுக்கு இப்போதே மனு போட்டு விடுங்கள், ரிசல்ட் வந்த பிறகு கூட்டம் நெரியும்.