அமெரிக்கக் குடும்பம் தத்தெடுத்து வளர்த்தவருக்கு அமெரிக்கக் குடியுரிமை இல்லாமல் போகுமா?

கேட்டவர் சொன்ன நிலைமை இது: நண்பர் 1981இல் பிறந்தவர். இந்தியாவில் ஒரு காப்பகத்திலிருந்து கைக்குழந்தையாக அமெரிக்கா போனவர். தத்தெடுத்த பெற்றோர் இருவரும் அமெரிக்கர்கள். இப்போது பாஸ்போர்ட் கேட்டால், "நீங்கள் குடிமகன் என்பதற்கு ஆதாரம் இல்லை" என்று கடிதம் வந்திருக்கிறது. இது எப்படி நடக்கும், என்ன செய்வது?

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நண்பர் மறுபடியும் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். வேறு ஊர் அலுவலகத்தில் போட்டால் கிடைத்துவிடும் என்று யாராவது சொல்வார்கள், கேட்காதீர்கள். அந்தப் படிவத்தில் "நான் குடிமகன்" என்று சத்தியம் செய்துதான் கையெழுத்துப் போட வேண்டும். இதுவரை அவர் அப்படிச் சொன்னதெல்லாம் உண்மை என்று நம்பிச் சொன்னது, சட்டம் அதற்கு இடம் தருகிறது. இல்லை என்று எழுத்தில் தெரிவித்த பிறகும் சொன்னால், தெரிந்தே சொன்ன பொய்யாக அதை எடுத்துக்கொள்வார்கள். ஓட்டுப் போடுவதும், வேலையில் சேரும்போது ஐ-9 படிவத்தில் குடிமகன் என்ற கட்டத்தில் டிக் அடிப்பதும் இதே கணக்குதான். இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

இனி, எப்படி இப்படி ஆகிறது என்பது. தத்து ஆணை கொடுப்பது மாநில நீதிமன்றம். குடியுரிமை மத்திய அரசின் கையில் இருக்கிறது. முன்னது கிடைத்தால் பின்னது தானாக வரும் என்ற விதி அன்றைக்கு இல்லை. பிள்ளைக்கு 18 வயது முடிவதற்குள் பெற்றோர் தனியாக மனுப் போட்டு வாங்க வேண்டும். கடைசி ஆண்டுகளில் அதற்கென்று இருந்த படிவம் என்-643. போடாமல் விட்ட குடும்பங்கள் ஏராளம். பெற்றோரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நீதிபதி கையெழுத்துப் போட்டார், மாநில அரசு புதுப் பெயரில் பிறப்புச் சான்றிதழ் கொடுத்தது, சமூகப் பாதுகாப்பு எண் வந்தது, பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றக் காரணமே இல்லை. ஆனால் அந்த மாநிலச் சான்றிதழ் பெற்றோர் யார் என்பதற்கு மட்டுமே சாட்சி. குடியுரிமைக்கு அது செல்லாது.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் குழந்தைகள் குடியுரிமைச் சட்டம் வந்தது. 2000 அக்டோபர் 30இல் கையெழுத்தாகி, 2001 பிப்ரவரி 27இல் நடைமுறைக்கு வந்தது. பெற்றோரில் ஒருவராவது அமெரிக்கக் குடிமகன், பிள்ளை 18 வயதுக்குள், கிரீன் கார்டு உரிமையோடு உள்ளே வந்து அந்தப் பெற்றோரின் காவலில் வாழ்கிறது, தத்து முழுமையடைந்திருக்கிறது. இத்தனையும் ஒரே சமயத்தில் பொருந்தும் நொடியில் குடியுரிமை தானாக வந்துவிடும். நல்ல சட்டம்தான். ஆனால் நடைமுறைக்கு வந்த நாளில் 18 வயது நிரம்பாதவர்களுக்கு மட்டும் என்று கோடு போட்டுவிட்டார்கள். 1983 பிப்ரவரி 27 அன்றோ அதற்கு முன்போ பிறந்தவர்கள் வெளியே. இந்தியாவிலிருந்து கைக்குழந்தையாகப் போய், எட்டு வயதில் வளர்ப்புத் தாயை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2012இல் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் கோட்டை அப்படியே நிலைநிறுத்தியது. அவர் 1982இல் பிறந்தவர், ஓராண்டுக்கும் குறைவான வித்தியாசத்தில் தவறியது. உங்கள் நண்பரும் இந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கிறார்.

அந்தக் காலத்தில் இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு; அமெரிக்க வக்கீல்களில் பலருக்கு இது தெரியாது, நீங்களே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்புச் சட்டம் இந்துக்களுக்கு மட்டுமானது. வெளிநாட்டுக் கிறிஸ்தவத் தம்பதிக்கு இந்திய நீதிமன்றம் தத்துக் கொடுக்க வழி இல்லை. 1890ஆம் ஆண்டு கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டத்தின் கீழ், குழந்தைக்குக் காப்பாளர் என்று மட்டும் அவர்களை நியமிப்பார்கள். 1984இல் லட்சுமி காந்த் பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிமுறைகளும் இந்தக் காப்பாளர் வழியைத்தான் ஒழுங்குபடுத்தின. ஆகவே இந்திய நீதிமன்ற ஆணையை வைத்துக்கொண்டு "தத்து முடிந்தது" என்று சொல்ல முடியாது. குழந்தை ஐஆர்-4 விசாவில், அதாவது அங்கே போய்த் தத்தெடுக்கப்படப் போகும் குழந்தை என்ற வகையில் உள்ளே வரும். பிறகு அமெரிக்க மாநில நீதிமன்றத்தில் தத்து நடக்க வேண்டும். அந்த இரண்டாவது ஆணை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கவுண்டி நீதிமன்ற எழுத்தரிடம் சான்றிட்ட நகல் கேட்க வேண்டும். தத்துக் கோப்புகள் முத்திரையிட்டு மூடப்பட்டிருக்கும் என்றாலும், தத்துப்பிள்ளை என்ற முறையில் அவரே மனுப் போட்டால் பெரும்பாலும் நகல் கிடைக்கும்.

அடுத்த வேலை, குடியேற்றத் துறை அவர் பெயரில் வைத்திருக்கும் கோப்பை வரவழைப்பது. ஏ-ஃபைல் என்பார்கள். தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ், யுஎஸ்சிஐஎஸ் என்ற அந்தத் துறையின் இணையதளத்தில் கணக்குத் தொடங்கி இலவசமாகக் கேட்கலாம். பழைய இந்தியப் பாஸ்போர்ட் கையில் இருந்தால், நுழைவு முத்திரையின் பக்கத்தில் விசா வகையும் 'ஏ' என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். எண் எட்டு இலக்கமாக இருந்தால் முன்னால் ஒரு சைபர் சேர்த்துக்கொள்ளுங்கள். எண் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை; பெற்றோர் பெயர், பிறந்த தேதி, எந்த விமான நிலையம், எந்த ஆண்டு என்று கொடுங்கள்.

தேடல் தோற்றுப்போவது பெரும்பாலும் பெயரால். காப்பகம் வைத்த பெயர் ஒன்று, இந்தியப் பாஸ்போர்ட்டில் எழுத்து மாறிய அதே பெயர், அமெரிக்க ஆணையில் புதுப் பெயர், கல்யாணத்துக்குப் பிறகு வேறொன்று. அத்தனையையும் எழுதுங்கள். பிறந்த தேதியும் காப்பகத்தில் உத்தேசமாகப் போட்டதாக இருக்கலாம், இரண்டு தேதி இருந்தால் இரண்டையும் கொடுங்கள். இதைச் சொல்லும்போது என் மனக்குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் என்பதை இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எந்த நாட்டுப் படிவமும் ஏற்றுக்கொள்வதில்லை. ஒற்றைப் பெயர் இருந்தால், முதற்பெயர் தெரியவில்லை என்று எஃப்என்யு (FNU) என மூன்று ஆங்கில எழுத்துகளை அச்சடித்துவிடுகிறார்கள். பிறகு ஆயுசுக்கும் ஒவ்வொரு கவுண்டரிலும் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும். தத்துப்பிள்ளைகள் மட்டுமல்ல, நம்மில் பாதிப் பேர் படும் பாடு இது.

கோப்பு வந்தால் அதில் மூன்றில் ஒன்று தெரியும். முதலாவது, பெற்றோர் எப்போதோ மனுப் போட்டுச் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள், அது வீட்டில் தொலைந்திருக்கும். அப்படியானால் என்-565 படிவத்தில் மாற்றுச் சான்றிதழ் கேட்டால் போதும். இதோடு சேர்ந்த இன்னொன்று: பெற்றோரில் ஒருவர் பிறவி அமெரிக்கர் இல்லை, பிள்ளை வந்த பிறகு குடியுரிமை வாங்கியவர் என்றால், 2001க்கு முந்திய சட்டத்தின் 320, 321 பிரிவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பிள்ளை 18 வயதுக்குள், கிரீன் கார்டோடு, பெற்றோர் காவலில் அமெரிக்காவில் இருந்தபோது அது நடந்திருந்தால், குடியுரிமை அன்றே வந்திருக்க வாய்ப்பு உண்டு. அதற்கான சான்றிதழை என்-600 படிவத்தில் கேட்க வேண்டும். கோட்டுக்கு வெளியே என்றதும் பலர் இதைச் சரிபார்க்காமலே விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, கிரீன் கார்டு உரிமை இருக்கிறது, குடியுரிமை இல்லை. உங்கள் நண்பர் இங்கேதான் இருப்பார் என்று நினைக்கிறேன். அட்டை தொலைந்தோ காலாவதியாகியோ இருந்தாலும் உரிமை போய்விடாது. புதிய அட்டைக்கு ஐ-90. குடியுரிமைக்கு மற்றக் குடியேறிகளைப்போல என்-400 போட வேண்டும்: ஐந்தாண்டு கிரீன் கார்டு, அதில் குறைந்தது 30 மாதம் நாட்டுக்குள் இருப்பு, ஆங்கிலமும் குடிமையியலும் தேர்வு, நேர்காணல், உறுதிமொழி. தவழ்ந்த வயதிலிருந்து அங்கேயே வளர்ந்தவரை ஆங்கிலத் தேர்வு எழுதச் சொல்வது கொடுமை என்றால் நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திறந்திருக்கும் கதவு இது.

அந்தப் படிவத்தில் "எப்போதாவது குடிமகன் என்று சொல்லிக்கொண்டீர்களா, வாக்காளராகப் பதிந்தீர்களா, ஓட்டுப் போட்டீர்களா" என்று கேட்பார்கள். மறைக்கவே கூடாது. பொய்யாகக் குடியுரிமை கோருவது வழக்கமாக நிரந்தரத் தடையாகும் குற்றம். ஆனால் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இவர்களைப் போன்றவர்களுக்கென்றே விதிவிலக்கு வைத்திருக்கிறது: தத்துப் பெற்றோர் இருவரும் குடிமக்கள், 16 வயதுக்கு முன்பே நிரந்தரமாக அமெரிக்காவில் வாழத் தொடங்கியவர், குடிமகன் என்று நியாயமாக நம்பியவர். மூன்றும் பொருந்தினால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. மூன்றாவதைத்தான் நிரூபிக்க வேண்டியிருக்கும். வாக்காளர் பதிவை ரத்துசெய்யும் கடிதத்தை வக்கீலைக் கேட்டு எழுதி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

என்-400 போடுவதற்கு முன் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி: அவர்மேல் எப்போதாவது குற்ற வழக்கு இருந்ததா? கைரேகை எடுப்பார்கள், எல்லாம் வெளியே வரும். 1996இல் திருத்திய சட்டப்படி, ஓராண்டு தண்டனை விதித்த திருட்டு வழக்கே நாடுகடத்தலுக்குப் போதும். தண்டனையை நிறுத்திவைத்து, ஒரு நாள்கூட உள்ளே இருக்காவிட்டாலும் ஓராண்டு என்றே கணக்கு. இப்படிப்பட்டவற்றைக் கடும் குற்றம் என்று அந்தச் சட்டம் தனியாக வகைப்படுத்துகிறது; 1990 நவம்பர் 29 அன்றோ அதற்குப் பிறகோ அந்த வகையில் தண்டனை இருந்தால் குடியுரிமையே கிடையாது. மனுப் போட்டது தானே போய்ச் சிக்கிக்கொண்டதாக முடியலாம். 1989இல் இந்தியாவிலிருந்து தத்துப் போன ஒருவரை 2008இல் மும்பைக்குத் திருப்பி அனுப்பினார்கள். பயமுறுத்தச் சொல்லவில்லை. பழைய வழக்கு எதுவாக இருந்தாலும், நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு நகலை வாங்கி, குடியேற்ற வழக்குகளை மட்டுமே நடத்தும் வக்கீலிடம் காட்டிய பிறகுதான் படிவம். அதுவரை வெளிநாட்டுப் பயணமும் வேண்டாம். திரும்பி வரும்போது விமான நிலையத்திலேயே பிரச்சினை தொடங்கும். படிவம் நிரப்பித் தருகிறேன் என்று காசு வாங்கும் ஏஜென்ட்டிடம் மட்டும் போய்விடாதீர்கள்.

மூன்றாவது, கிரீன் கார்டே இல்லை. சுற்றுலா விசாவிலோ சிகிச்சை விசாவிலோ அழைத்து வந்து, மாநிலத்தில் தத்தை முடித்து, அதோடு விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. இதுதான் மிகக் கஷ்டமான நிலை. முறையான நுழைவு முத்திரை இருந்து, கணவனோ மனைவியோ அமெரிக்கக் குடிமக்களாக இருந்தால் அந்த வழியில் கிரீன் கார்டு கேட்கலாம். 1972 ஜனவரி 1க்கு முன்பு வந்து தொடர்ந்து அங்கேயே வாழ்பவர்களுக்கு ரெஜிஸ்ட்ரி என்ற தனி வழி இருக்கிறது. 1981இல் பிறந்தவருக்கு அது பொருந்தாது.

புதுச் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கலாமா என்றால், வேண்டாம். வயதுக் கோட்டை நீக்கும் மசோதா 2015 முதல் பல தடவை வந்துவிட்டது. 2022 பிப்ரவரியில் வேறொரு பெரிய மசோதாவோடு சேர்ந்து கீழவையில் நிறைவேறியது, இறுதி வடிவத்தில் அதை எடுத்துவிட்டார்கள்.

இப்போது தத்தெடுக்க நினைக்கும் அமெரிக்கத் தமிழர்களுக்கும் ஒரு வார்த்தை. விசா ஐஎச்-3 (இந்தியாவிலேயே தத்து முடிந்த குழந்தை) என்றால் குடியுரிமைச் சான்றிதழ் தபாலில் தானாக வரும். ஐஎச்-4 (அமெரிக்காவில் தத்தெடுக்கப்படப் போகும் குழந்தை) என்றால் வருவது கிரீன் கார்டு மட்டும்; மாநில நீதிமன்றத்தில் தத்தை முடித்து, என்-600 போட்டால்தான் சான்றிதழ். குடும்பத்தோடு இந்தியாவிலேயே இருப்பவர்களுக்கு என்-600கே. பிள்ளைக்கு 18 ஆவதற்குள் உறுதிமொழி வரை முடிந்திருக்க வேண்டும். அண்ணன் பிள்ளையையோ தங்கை பிள்ளையையோ தத்துப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துவிட்டு, பிறகு விசாவுக்குப் போகாதீர்கள். நாடுகளுக்கிடையே தத்தெடுப்பதை ஒழுங்குபடுத்தும் ஹேக் ஒப்பந்தப்படி, ஐ-800ஏ, ஐ-800 படிவங்களுக்கு அமெரிக்கக் குடியேற்றத் துறையின் அனுமதி வந்த பிறகுதான் தத்து நடக்க வேண்டும். வரிசை மாறினால் அந்தக் குழந்தைக்கு விசா வழியே அடைபட்டுப் போகலாம்.

நண்பரின் விஷயத்துக்குத் திரும்புகிறேன். நியாயமாக நம்பினார் என்பதற்கு மிக வலுவான சாட்சி தத்துப் பெற்றோர்தான். குடியுரிமை வந்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள், பிள்ளையிடமும் அப்படித்தான் சொன்னார்கள் என்பதை நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரமாக எழுதி வாங்குங்கள். தத்து ஏற்பாடு செய்த அமைப்பின் பழைய கடிதங்கள், காப்பாளர் ஆணை, விமான டிக்கெட், எது பரணில் கிடந்தாலும் எடுத்து வையுங்கள். அவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். கோப்பு வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே போய் வாங்கச் சொல்லுங்கள்.