மூன்று பைசா வட்டி வருஷத்துக்கு 36 சதவீதம் ஆகாதது ஏன்?

நீங்கள் 10,000 ரூபாயை மூன்று பைசா வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்க்கு, வாங்கியிருக்கிறீர்கள். வருஷம் 36 சதவீதம், மொத்தம் 13,600 என்று நினைத்திருந்தால் வருஷக் கடைசியில் கடன் கொடுத்தவர் 14,258 கேட்கிறார் என்கிறீர்கள். கணக்கில் ஏமாற்று இல்லை. இடையில் நீங்கள் வட்டி கட்டவே இல்லை என்பதுதான் விஷயம்.

முதல் மாதக் கடைசியில் கடன் 10,300. இரண்டாம் மாத வட்டி 300 இல்லை, 309. அந்த 9 ரூபாய்தான் வட்டிக்கு வட்டி. ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியை 1.03 ஆல் பெருக்குகிறோம், அவ்வளவுதான். மாத வட்டி ம, வருட வட்டி வ என்றால் (3 சதவீதத்தை 0.03 என்று எழுத வேண்டும்):

1 + வ = (1 + ம)¹²

பன்னிரண்டு முறை பெருக்கக் கை வலிக்கும். 1.03 ஐ அதாலேயே பெருக்கினால் 1.0609. அதை மறுபடி அதாலேயே பெருக்கினால் 1.12551, இது நாலு மாதம். இதை மூன்று முறை எழுதிப் பெருக்குங்கள், 1.4258 வரும். ஆக 42.58 சதவீதம்.

மாதாமாதம் 300 ரூபாய் கட்டியிருந்தால் உங்கள் 36 சரிதான். அப்புறம், வட்டியை அசலோடு சேர்ப்பதாக முதலிலேயே பேசினீர்களா? அதை அவரிடம் கேளுங்கள்.

திருப்பிப் போட, அதாவது வருட வட்டியிலிருந்து மாத வட்டி கண்டுபிடிக்க வேண்டுமானால், 1 + வ இன் பன்னிரண்டாம் மூலம் (பன்னிரண்டு முறை எழுதிப் பெருக்கினால் அதையே தரும் எண்) எடுத்து 1 ஐக் கழியுங்கள்: வருஷம் 12 சதவீதம் வர மாதம் 1 வேண்டாம், சுமார் 0.949 போதும்.