பூங்கா இடத்தை மலிவாகத் தருகிறாராம், வாங்கலாமா?

கேள்வி: மதுரை ஒத்தக்கடைப் பக்கம் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் உள்ள மூன்று ஏக்கர் லேஅவுட்டில் மனை பார்த்தோம். விலை கட்டுப்படியாகவில்லை. "பூங்காவுக்கு விட்ட இடம் நாலு வருஷமாகச் சும்மா கிடக்கிறது, பட்டா என் பேரில்தான், சென்ட்டுக்கு ஒரு லட்சம் குறைத்துத் தருகிறேன்" என்கிறார் புரோமோட்டர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அது விற்க அவருடைய இடமே இல்லை. ஒரு ஹெக்டேரை, அதாவது சுமார் இரண்டரை ஏக்கரைத் தாண்டும் லேஅவுட்டில் சாலை போக மிச்சத்தில் 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். எழுதிய அன்றே அவர் பாத்தியதை முடிந்தது.

பட்டா? உள்ளாட்சி ஆபீசில் தானப் பத்திரத்தை வாங்கி பீரோவில் வைத்துவிட்டுப் பட்டா மாற்ற மறந்திருப்பார்கள். வேலி இல்லை, போர்டு இல்லை, ஒரு வேப்பங்கன்றுகூட நடுவதில்லை. சீமைக்கருவேலம் மண்டியதும் புரோக்கர் வந்துவிடுவார். அந்த ஆபீசில் ஒருவர் பட்டா மாற்றச் சொல்லி ஒரு மனு எழுதிப் போட்டிருந்தால் உங்களுக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அப்புறம் அந்தப் புரோக்கர் சட்டம் பேசுவார்: "மூணு வருஷத்துல அரசு எடுக்கலைன்னா ரிலீஸ் ஆயிரும் சார், செக்‌ஷன் 38." 1971ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் அது வேறு கதை. உங்கள் தோட்டத்தின் மேல் அரசு தன் திட்ட வரைபடத்தில் 'இங்கே ரோடு வரும்' என்று கோடு போட்டுவிட்டு, நிலத்தை எடுக்காமலே இழுத்தடிக்கிறது என்று வையுங்கள். அங்கே நிலம் இன்னும் உங்களுடையது, அதனால் விடுவிக்கிறார்கள். பூங்கா இடமோ ஏற்கெனவே கொடுத்து முடிந்தது. கொடுத்ததை எங்கிருந்து விடுவிப்பது? பெங்களூரில் பூங்கா இடத்தை அரசே தனியார் மருத்துவமனைக்குத் திருப்பிவிட்டது. உச்ச நீதிமன்றம் 1991இல் அது செல்லாது என்றது.

சார்பதிவாளர் பதிந்து கொடுத்தாலும் ஏமாறாதீர்கள். பதிவு வேறு, உரிமை வேறு.

விலைதான் கவலை என்றால், அதே லேஅவுட்டில் இன்னொரு 10 சதவீதம் எளியோருக்கான இ.டபிள்யூ.எஸ். மனைகளாக இருக்க வேண்டும். 'யானைமலை தெரியும்' என்று அச்சடித்த வண்ண நோட்டீஸில் அதெல்லாம் இருக்காது. முத்திரை போட்ட வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இ.டபிள்யூ.எஸ். மனைகளில் இரண்டைச் சேர்த்து ஒரே மனையாகத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். சேர்க்க விதியில் இடமில்லை.

முன்பணம் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருந்தால் ரசீதோடு நாளைக்கே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.