சூரைச்செடியின் கீழ்

அன்புள்ள அண்ணா, தோத்திரம்.

போன நவம்பரில் என் கணவர் மாரடைப்பில் இறந்தார். அதற்குப் பிறகு என்னால் ஜெபிக்க முடியவில்லை. முழங்கால் போட்டால் வார்த்தை வருவதில்லை. ஆராதனையில் பாட்டு வேளையில் வாய் மட்டும் அசைகிறது. டாக்டர் மனச்சோர்வு என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார், நாலு மாதமாகச் சாப்பிடுகிறேன், தூக்கம் கொஞ்சம் பரவாயில்லை. எங்கள் ஜெபக்குழுவில் ஒரு அக்கா, "மாத்திரையை நிறுத்திவிட்டு மூன்று நாள் உபவாசம் இரு, விசுவாசம் இருந்தால் விடுதலை கிடைக்கும்" என்கிறார். என் விசுவாசம் செத்துவிட்டதா? சில நாள் அவரோடேயே போயிருக்கலாம் என்றும் தோன்றுகிறது. பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மாத்திரை. நிறுத்தாதீர்கள். இந்த வகை மாத்திரையைச் சட்டென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை என்று புதுத் தொந்தரவுகள் வரலாம், குறைப்பதாக இருந்தாலும் டாக்டர் சொல்லித்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். உபவாசமும் இப்போது வேண்டாம். கடைசியில் அவரோடேயே போயிருக்கலாம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் இன்றைக்கே சொல்லுங்கள், வீட்டில் ஒருவருக்காவது தெரியட்டும். ராத்திரியில் அந்த நினைப்பு வந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசாங்க மனநலச் சேவை, காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

இனி விசுவாசம். நான் போதகர் இல்லை, ஞாயிறு பள்ளியில் படித்த, வேதாகமத்தில் வருகிற எலியா தீர்க்கதரிசியின் கதையை வயதான பிறகு திரும்பப் படித்தவன், அவ்வளவுதான். நமக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தது கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கின பகுதி. அதற்கு அடுத்த அதிகாரத்திலேயே அதே மனுஷன் யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, கூட வந்த வேலைக்காரனையும் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, தனியாக வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறான். உங்கள் கடைசி வரிதான் அது. அப்புறம் படுத்துத் தூங்கிவிடுகிறான். வந்த தூதன் என்ன செய்தான்? பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தின்றுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொண்டான், அதற்கும் ஒரு கண்டிப்பு இல்லை. இரண்டாம் தரம் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். ஓரேப் மலையில் அவன் கேட்ட கர்த்தருடைய அந்த மெல்லிய சத்தமெல்லாம் நாற்பது நாள் கழித்துத்தான். முதலில் சோறும் தூக்கமும். உங்கள் மாத்திரையை நான் அந்த அடையோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன்.

வார்த்தை வரவில்லை என்றால் வேதாகமத்தில் 88-ஆம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் அழுதாலும் எங்கேயாவது ஒரு நம்பிக்கை வரியைத் தொட்டுவிடும், இது சிநேகிதரும் போனார்கள் என்று சொல்லி இருட்டிலேயே முடிகிறது, ஒரு அல்லேலூயா கிடையாது. அதையும் வேதத்திலிருந்து யாரும் எடுத்துப்போடவில்லை. அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-ல் புத்தகமாக வந்தபோது பலருக்கு அதிர்ச்சி. 1948-ல் கல்கத்தா சேரிக்குள் இறங்கின காலத்தையொட்டி ஆரம்பித்த, கடவுள் பக்கத்தில் இருப்பதையே உணர முடியாத உள்வறட்சி, நடுவில் ஒரு சின்ன இடைவெளி தவிர, கடைசிவரை அவரை விடவில்லையாம். அவரைப் பார்த்து விசுவாசம் செத்தவர் என்று எந்த ஜெபக்குழுவாவது சொல்லுமா?

என் அம்மா இறந்த வருஷம் நானும் ஏழெட்டு மாதம் கடைசி பெஞ்சில் பாமாலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரு வரி பாடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒரு தாத்தா, சுருதி எந்தப் பக்கம் போனாலும் கவலைப்படாமல், எல்லாச் சரணத்தையும் உரக்கப் பாடுவார். (முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது.) அவர் பாடினதைக் கேட்டுக்கொண்டிருந்தது மட்டும்தான் அந்த வருஷம் நான் பண்ணின ஜெபம். எந்த நாளில் சரியானேன் என்று கேட்டால் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பாடிக்கொண்டிருக்கிறேன் என்பதை இரண்டாவது சரணத்தில்தான் கவனித்தேன்.

கப்பர்நகூம் ஊரில் இயேசு இருந்த வீட்டுக் கூரையைப் பிரித்து, நடக்க முடியாத ஒரு திமிர்வாதக்காரனை இறக்கினார்களே, மாற்கு இரண்டாம் அதிகாரம், அங்கே இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்றுதான் இருக்கிறது. அவனுக்கு விசுவாசம் இருந்ததா இல்லையா, ஒரு வார்த்தை இல்லை. சுமந்து வந்த நாலு பேர் போதுமானதாக இருந்திருக்கிறது.

அந்த அக்காமேல் கோபப்படாதீர்கள், பிரியத்தில்தான் சொல்லியிருப்பார். மறுபடி கேட்டால், "இந்த மூன்று நாள் உபவாசத்தை எனக்காக நீங்கள் இருங்கள் அக்கா" என்று சொல்லிப் பாருங்கள். வரும்போது ஒரு தூக்குவாளியில் ரசமும் சோறும் கொண்டுவரச் சொல்லுங்கள்.