சீசன் வந்தாச்சு, கால் வலிக்குது அண்ணாச்சி!

ஐப்பசி பிறந்துவிட்டால் தீபாவளிக் கூட்டத்தில் திருநெல்வேலி வண்ணார்பேட்டை, டவுன் ரத வீதித் துணிக்கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. அங்கே வேலை பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சேலைப் பிரிவில் விற்பனையாளராகச் சேர்ந்து இப்போது ஒரு தளத்தையே கவனிக்கும் அண்ணாச்சி பதில் சொல்கிறார்.

காலையிலிருந்து ராத்திரி பத்தரை வரை நின்றே வேலை. கெண்டைக்காலில் நரம்பு புடைத்துத் தெரிகிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைக்கிறார். (பேட்டை)

முறைக்கட்டும், தங்கச்சி. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தியாச்சு. கேரளத்தில் அதற்கும் முன்னால், 2018-ல். ஆனால் நம் ஊர்க் கடைகள் பலவற்றில் ஸ்டூல் இருக்கும், அதன்மேல் சேலைக்கட்டு இருக்கும். தனியாகப் போய்க் கேட்டால் சோம்பேறி என்று பெயர் வாங்குவீர்கள். பிரிவில் உள்ள எல்லோரும் சேர்ந்து, கூட்டம் ஏறுவதற்கு முன் புரட்டாசியிலேயே மேனேஜரிடம் பேசிவிடுங்கள். இரண்டு பேர் சேலை காட்ட, ஒருவர் உட்கார்ந்து மடிக்க என்று முறை வைக்கலாம். மடிக்கிறதுக்கு எதற்கு நிற்கணும்?

அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுதான் காலுக்குக் கேடு. கெண்டைச் சதை அசைந்தால்தான் ரத்தம் மேலே ஏறும். பில் வரும் வரை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். கட்டியிருக்கும் சேலை மறைத்துவிடும், யாருக்கும் தெரியாது. படுக்கும்போது காலுக்கடியில் தலையணை வையுங்கள். நரம்பு புடைத்திருப்பதை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிடுங்கள். ஒரு காலில் மட்டும் திடீரென்று வீக்கமும் வலியும் வந்தால், சீசன் முடியட்டும் என்று தள்ளாமல் அன்றைக்கே போங்கள்.

பில் கவுண்டரில் இருக்கிறேன். பாத்ரூம் மூன்றாவது மாடியில். அதனால் தண்ணீரே குடிப்பதில்லை. (மேலப்பாளையம்)

ரொம்பத் தப்பு. தண்ணீரைக் குறைத்து, சிறுநீரையும் அடக்கினால் நீர்க்கடுப்பு வந்து நிற்கும். கூடவே காய்ச்சலும் முதுகுவலியும் வந்தால் டாக்டரைப் பாருங்கள். கவுண்டரில் மாற்று ஆள் கேளுங்கள். ஆள் இல்லை என்றால் மேனேஜரே பத்து நிமிஷம் கல்லாவில் உட்காரட்டும், குறைந்துபோக மாட்டார்.

முப்பது சேலை பிரித்துக் காட்டினேன். 'பாத்துட்டு வாறோம்' என்று எழுந்து போய்விட்டார்கள். வெறுப்பாக இருக்கிறது. (அம்பாசமுத்திரம்)

முப்பது பிரிக்கும் வரை ஏன் விட்டீர்கள் தம்பி? யாருக்கு, எந்த விலைக்குள், என்ன நிறம் என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அப்புறம், அந்தக் கூட்டத்தில் முடிவெடுக்கிற ஆள் யார் என்று பாருங்கள். பேசிக்கொண்டே இருக்கும் மருமகளாக இருக்காது. ஓரமாக உட்கார்ந்து வாயே திறக்காத ஆச்சியாகத்தான் இருக்கும். முந்தியை விரித்து அவர் மடியில் போடுங்கள். அவர் விரலால் ஜரிகையைத் தடவிப் பார்த்தால் பாதி வியாபாரம் முடிந்த மாதிரி. வேண்டாம் என்றதை உடனே ஒதுக்குங்கள். மேசையில் மூன்றுக்கு மேல் கிடந்தால் அவர்களுக்கே குழப்பம். எழுந்து போனாலும் சிரித்தே அனுப்புங்கள். பக்கத்துக் கடைகளைச் சுற்றிவிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு, முகத்தைச் சுளித்திருந்தால் வரமாட்டார்கள்.

வாடிக்கையாளர் கெட்ட வார்த்தையில் திட்டினால்? (தாழையூத்து)

பதிலுக்குப் பேசாமல் சூப்பர்வைசரைக் கூப்பிடுங்கள். எங்களுக்குச் சம்பளம் தருவதே அதற்குத்தான்.

ஓவர்டைம் காசு தரவில்லை. ஸ்டாக்கில் துணி குறைகிறது என்று எல்லோர் சம்பளத்திலும் பிடித்துவிட்டார்கள். (சங்கரன்கோவில்)

கடைச் சட்டப்படி நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை. அதற்கு மேல் பார்த்தால் இரட்டைச் சம்பளம். துணி குறைந்ததற்கு உங்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று தெரிந்தால்தான், அதுவும் உங்கள் விளக்கத்தைக் கேட்ட பிறகுதான் பிடிக்கலாம். எல்லோருக்கும் பொதுவாகப் பிடிப்பது அடாவடி. வந்த நேரத்தையும் போன நேரத்தையும் தினமும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வையுங்கள். தொழிலாளர் துறை அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.

தீபாவளிக்கு முந்தின நாள் கடை மூட நடுராத்திரி ஆகிறது. பஸ் இல்லை. மறுநாள் தூங்கியே கழிகிறது, வீட்டில் ஒரே கோபம். (பாளையங்கோட்டை)

வீடு வரை கொண்டுபோய் விடக் கடை வண்டி வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள். அன்றைக்கு ராத்திரி கேட்டால் டிரைவர் இருக்க மாட்டார். மறுநாள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, இரண்டு இட்லியைச் சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்குங்கள், வீட்டில் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்? புதுத்துணியை மட்டும் முந்தின வாரமே எடுத்துவிடுங்கள். கடைசி நாளில் உங்கள் சைஸ் உங்கள் கடையிலேயே கிடைக்காது.